காதுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்

ஹெட்போன், இயர்போன் என 283 கருவிகளின் அளவீடுகளை ஒப்பிட்டு, ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டார். ஆழமான ஒலி முதல் கீச்சொலி வரை எதை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஒரு கருவி நம் காதுக்குத் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்பதே அந்த முடிவு. கையில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு இயர்பட்ஸ் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. அதற்காக மலிவாக இருப்பதெல்லாம் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விலையை வைத்துத் தரத்தைக் கணிக்க முடியாதபோது வேறு எதை வைத்துக் கணிப்பது?

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் மொபைல் கடையிலோ ஒரு பெட்டியை எடுத்துப் பாருங்கள். 13 எம்எம் டிரைவர், 50 மணி நேர பேட்டரி, ஈஎன்சி, ஐபிஎக்ஸ்5, கேமிங் மோடு என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். கிளாம்பாக்கத்தில் இரவுப் பேருந்து ஏறி விடியற்காலையில் மதுரையில் இறங்குகிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை இரண்டாம்பட்சம். அவருக்கு முதலில் வேண்டிய பொருள் பெட்டிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் கிடக்கும்: சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் வரும் சிலிக்கோன் ரப்பர்கள். பலர் அந்த உறையைப் பிரிப்பதே இல்லை.

நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அது நேராக இருப்பதில்லை, சற்றே வளைந்து போகிறது. வாயும் முழு வட்டம் அல்ல. ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஒரே ஆளுக்கு இடது காதும் வலது காதும்கூட வேறுபடலாம். இயர்பட்ஸுக்குள் இருக்கும் சவ்வு மிகச் சிறியது. அவ்வளவு சிறிய சவ்வு தவிலின் அதிர்வையும் பாஸ் கிட்டாரின் ஆழத்தையும் தர முடிகிறது என்றால், சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் துளிக் காற்றை அது அழுத்தி அழுத்தி விடுகிறது என்பதுதான் காரணம். ரப்பருக்கும் காதுச் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் கசிந்துவிடும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை எவ்வளவு அழுத்தினாலும் டியூபில் காற்று ஏறாது, அதுபோல. முதலில் காணாமல் போவது ஆழமான ஒலிதான். “இந்த இயர்பட்ஸில் பாஸே இல்லை” என்ற குறையில் பெரும்பகுதி ரப்பர் பொருந்தாத குறை. அதே இடைவெளி வழியாகவே வெளியிலிருந்து எஞ்சின் இரைச்சலும் உள்ளே வருகிறது.

இதைச் சோதிக்க வீட்டிலேயே எளிய வழி இருக்கிறது. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். இயர்பட்ஸை மாட்டியபின் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். தொப்பிப் பக்கத்தின் ‘கும்’ திடீரென்று நிறைந்து ஒலித்தால், அதுவரை கசிவு இருந்தது என்று பொருள். அடுத்த அளவு ரப்பருக்கு மாறுங்கள். மாட்டும்போது மறு கையால் காது மடலைச் சற்று மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகி ரப்பர் சரியாக உட்காரும். அப்படியே வலந்தலைப் பக்கத்தையும் கவனியுங்கள். பொதுவாக ஒரு தோல் கருவியின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்திலும் தபலாவிலும் தோலின் நடுவே பூசிய கருஞ்சாந்து அவற்றை இசைய வைக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய உண்மை இது. அந்தச் சுநாதம் வலந்தலையில் தெளிவாகக் கேட்க வேண்டும். தொப்பி மட்டும் முழங்கி வலந்தலை மங்கினால் அந்தக் கருவி பாஸை அளவுக்கு மீறிக் கூட்டுகிறது. நம் சந்தையில் மலிவு விலையில் வருபவற்றில் பல இப்படித்தான் இருக்கின்றன. ஆழமான ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலிகளை எளிதில் மூடிவிடும் என்பது செவியின் இயல்பு. அதனால் இந்த மிகை பாஸில் முதலில் அடிபடுவது பாடுகிறவரின் குரல்.

சிலிக்கோன் எந்த அளவிலும் பொருந்தாதவர்களுக்கு நுரை ரப்பர் கைகொடுக்கும். விரலால் நசுக்கிக் காதில் வைத்தால் மெல்ல விரிந்து குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் தனியாக வாங்கலாம். வாங்கும்முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: நுரை ரப்பர் மாட்டிய இயர்பட்ஸ் சார்ஜிங் கேஸுக்குள் சரியாக அமர்ந்து மூடி மூடுகிறதா? மூடாவிட்டால் சார்ஜ் ஏறாது.

இனி, எல்லோரும் கேட்கும் ஏஎன்சி. வெளி இரைச்சலுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு ஒலியை அடக்கும் இந்த யோசனைக்குப் பவுல் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைக் காதில் மாட்டும் பொருளாக்கியதில் பெரும்பங்கு எம்ஐடி பேராசிரியர் அமர் போஸுக்கு உண்டு. வங்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அவர். 1978-ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் தந்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி இசை கேட்கவில்லை. பயணம் முடிவதற்குள் இரைச்சலை அடக்கும் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989-ல். அந்த நுட்பம் இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் நம் காதுக்கு வந்திருப்பது பெரிய காரியம்.

ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். மைக் ஒலியைப் பிடித்து, சிப் எதிரலையைக் கணக்கிட்டு, சவ்வு அதை எழுப்புவதற்குள் நுண்ணிய தாமதம் ஏற்படும். பத்தாயிரத்தில் ஒரு நொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் எஞ்சின் உறுமலுக்கு ஓர் அலை முடியப் பத்து மில்லி நொடி ஆகும். அதில் இந்தத் தாமதம் நூறில் ஒரு பங்குதான், எதிரலை ஏறக்குறைய சரியாகப் போய் மோதும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஓர் அலையே 0.2 மில்லி நொடியில் முடிந்துவிடும். அதே தாமதம் அங்கே பாதி அலை. அடக்க வேண்டிய அலை, இரைச்சலோடு சேர்ந்து அதைக் கூட்டவே செய்யும். ஆகவே ஏஎன்சி பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள, மாறாமல் ஒலிக்கும் இரைச்சலை மட்டும் அடக்குகிறது. அதற்கு மேலுள்ளதை ரப்பர்தான் தடுக்க வேண்டும்.

இதை நம் பயணங்களோடு பொருத்திப் பார்த்தால் எதை வாங்குவது என்பது தெளிவாகிவிடும். விமானத்திலும் ரயிலின் ஏசி பெட்டியிலும் ஏசி ஸ்லீப்பர் பேருந்திலும் இருப்பது ஒரே சீரான ஆழ்ந்த உறுமல். அங்கே ஏஎன்சி கொடுத்த காசுக்குப் பலன் தரும். ஜன்னல் திறந்த அரசுப் பேருந்திலும் மின்சார ரயிலிலும் நிலைமை வேறு. ஏர் ஹார்ன், நடத்துநரின் விசில், தண்டவாளக் கிறீச்சல் எல்லாம் திடீரென்று எழுபவை, உயர்ந்த சுரத்தில் ஒலிப்பவை. போதாததற்கு, ஜன்னல் காற்று வெளி மைக்கில் நேரே மோதி, ஏஎன்சி தானே ஒரு படபடப்பை உள்ளே அனுப்பும். தினமும் இப்படிப் போகிறவர் ஏஎன்சிக்கென்று கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

பெட்டியில் ஈஎன்சி என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது நீங்கள் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு இரைச்சல் போகாமல் வடிகட்டும் வசதி. உங்கள் காதுக்கு அதனால் எந்த அமைதியும் கிடைக்காது. ஏஎன்சிக்குப் பக்கத்தில் போடும் 32 டெசிபெல், 40 டெசிபெல் என்ற எண்ணும் அந்தக் கருவி மிக நன்றாக அடக்கும் ஏதோ ஒரு குறுகிய பகுதிக்கான எண்தான்; எல்லா ஒலிக்கும் பொருந்தாது.

அமைதிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதற்குக் காரணம் சுகம் மட்டும் அல்ல. வெளியே இரைச்சல் கூடினால் கை தானாக வால்யூமைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10 மணி நேரம். அதாவது 86 டெசிபெலில் பாட்டுக் கேட்டுக்கொண்டு மதுரைக்குப் போனால் வாரத்துக்கான 10 மணி நேரத்தில் எட்டு மணி நேரம் அந்த ஓரிரவிலேயே கரைந்துவிடும். திரும்பும் பயணத்தில் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

விமான இரைச்சலைக் கேட்கவைத்து, மாணவர்கள் எந்த வால்யூமைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அமெரிக்கச் செவியியலாளர்கள் பிரையன் ஃப்ளிகோரும் டெரி ஐவ்ஸும் 2006-ல் ஆராய்ந்தார்கள். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் அணிந்தவர்களில் ஆபத்தான அளவுக்குப் போனவர்கள் குறைவு. ரப்பர் இல்லாமல் காது ஓரத்தில் தொங்கும் வகையை அணிந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அளவைத் தாண்டினார்கள். இதை நீங்களே சரிபார்க்கலாம். அமைதியான அறையில் இதமாகக் கேட்கும் வால்யூம் எத்தனை என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் அதைவிட மிக அதிகம் தேவைப்பட்டால், உங்கள் ரப்பர் வேலை செய்யவில்லை.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். டிரைவரின் மில்லிமீட்டர் அளவு ஒலியின் தரத்தைச் சொல்லாது. எல்டிஏசி, ஏஏசி, எஸ்பிசி என்ற புளூடூத் கோடெக் வேறுபாடுகள் ஓடும் பேருந்தில் காதுக்கு எட்டுவது அரிது. அவற்றுக்காக விலை ஏற்ற வேண்டாம். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். சாரலுக்கு அது போதும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்பு வியர்வையில் அல்ல என்பதால் கேஸில் வைக்கும்முன் துடைத்துவிடுங்கள். 50 மணி நேர பேட்டரி என்பது கேஸையும் சேர்த்த கணக்கு. ஒரு முறை மாட்டினால் எத்தனை மணி நேரம், ஏஎன்சி போட்டால் எத்தனை என்று கேளுங்கள்.

பேட்டரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயர்பட்ஸுக்குள் இருக்கும் லித்தியம் செல் பொட்டு அளவே இருக்கும். சிலநூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் கேஸை விட்டுச் சென்றால் இன்னும் சீக்கிரம். மலிவு வகைகளில் செல்லை மாற்ற வழியே இருக்காது, அப்படியே மின்குப்பையாகிறது. ஆகவேதான் கம்பியுள்ள இயர்போனை இன்னும் பரிந்துரைக்கிறேன். பேட்டரி, புளூடூத் சிப், கேஸ் எதற்கும் செலவில்லாததால் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஒலிக்கே போகிறது. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே மிக நல்லவை கிடைக்கின்றன. படம் பார்க்கும்போது உதடும் வசனமும் விலகாது. ஜாக் இல்லாத போனுக்கு யுஎஸ்பி-சி கன்வெர்ட்டர் வேண்டும். மிக மலிவானவற்றில் ஒலியை மாற்றித் தரும் சிப் இருக்காது, பல போன்களில் அவை வேலை செய்யாது. கடையிலேயே உங்கள் போனில் செருகிக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ரப்பரை வாரம் ஒரு முறை கழற்றி சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். நுரை ரப்பரைக் கழுவக்கூடாது, அழுக்கானால் மாற்றிவிட வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் தட்பவெப்பத்தில் காதுக்குள் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். குளித்த ஈரக் காதில் மாட்டுவதும், ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவதும் வேண்டாம். காதில் அரிப்போ நீர்வடிதலோ இருந்தால் சரியாகும் வரை மாட்டவே வேண்டாம்.

ஆக, அன்றாடப் பேருந்து, மின்சார ரயில் பயணத்துக்கு, ஆயிரம் ரூபாய்க்குள், நன்றாகப் பொருந்தும் ரப்பருடன் கம்பி இயர்போன். கம்பி தொந்தரவு என்றால் ஏஎன்சி இல்லாத சாதாரண இயர்பட்ஸ். அடிக்கடி விமானத்திலும் ஏசி பேருந்திலும் போகிறவருக்கு மட்டும் இரண்டாயிரத்தை ஒட்டிய ஏஎன்சி இயர்பட்ஸ். எதை வாங்கினாலும் அது காதை நன்றாக அடைக்கும், அதனால் வண்டிச் சத்தமும் கேட்காது. தண்டவாளத்தையும் சாலையையும் கடக்கும்போது இரண்டு காதிலிருந்தும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.