கூமுனைக் காடும் எங்கள் அடுப்பும்

"காட்டைப் பாதுகாக்கணும் எண்டு சொல்றீங்க மகள். நாங்க எத வெச்சி ஆக்குற?"

கல்முனையில் நடந்த பெண்கள் சங்கக் கூட்டமொன்றில் ஒரு ராத்தா இப்படிக் கேட்டார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். களப்போரத்துக் கண்டல் விறகில் சமைத்தே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். காட்டைப் பற்றி எழுதும்போது அவருடைய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

எமது அம்பாறை மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஒரு பழைய காடு இருக்கிறது. பொத்துவில், பாணமை, உகந்தை தாண்டினால் கூமுனை. சிங்களத்தில் குமண என்பார்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் தலைமுறை தலைமுறையாக இக்காட்டினூடாகவே போகிறார்கள். பாலையும் வீரையும் நிற்கும் வரண்ட காடு. கும்புக்கன் ஆற்றோரம் பெரிய மருத மரங்கள். கண்டல் மரங்கள் சூழ்ந்த ஆழமற்ற நீர்நிலையான கூமுனை வில்லு மட்டும் சுமார் 200 ஹெக்டேயர்.

1938இல் பறவைகள் சரணாலயமாகவும், 1970இல் யால கிழக்கு தேசியப் பூங்காவாகவும் இவ்விடம் பிரகடனம் செய்யப்பட்டது. 2006இல் குமண தேசியப் பூங்கா எனப் பெயர் மாறியது. மொத்தப் பரப்பு 35,664 ஹெக்டேயர். இங்கு 255 பறவையினங்கள் பதிவாகியுள்ளன.

எங்களைப் போலவே இந்தக் காடும் யுத்தத்தைக் கண்டது. 1985இல் மூடப்பட்ட பூங்கா 2003 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சுனாமி அதையும் தாக்கியது. ஆனாலும் காடு எழுந்து நின்றது. வில்லில் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டுகின்றன. வேரை விட்டுவைத்தால் காடு தானாகவே தளிர்க்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

கூமுனைக்கு அரசாங்கக் காவல் உண்டு. ஆனால் பொத்துவில் களப்பிலும் மட்டக்களப்பு வாவியின் ஓரங்களிலும் நிற்கும் கண்டல்களுக்கு நாம்தான் காவல். இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் அந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன. கண்டலை வெட்டினால் அடுப்பு எரியும். நாளடைவில் சட்டி வெறுமையாகும்.

சுனாமியில் எமது மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கண்டல் இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்வது சரியல்ல. அலையடிக்கும் திறந்த மணற்கரையில் கண்டல் வளராது. அது களப்புக்கும் ஆற்று முகத்துக்கும் உரிய மரம். அங்கே அது மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே வரும் நீரின் வேகத்தைத் தணிக்கும்.

ராத்தாவின் கேள்விக்கு வருவோம். 2015இல் சீக்கோலஜி, சுதீச ஆகிய தொண்டு நிறுவனங்கள் அரசாங்கத்துடன் சேர்ந்து ஐந்தாண்டுத் திட்டமொன்றை ஆரம்பித்தன. இலங்கையின் கண்டல் காடுகள் முழுவதையும், அதாவது 8,815 ஹெக்டேயரையும், பாதுகாப்பதே நோக்கம். கரையோரத்தில் வாழும் சுமார் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கத் திட்டமிடப்பட்டது. கணவரை இழந்த பெண்களும் அதில் அடங்குவர். பதிலுக்கு அவர்கள் தத்தமது ஊர்க் கண்டலை வெட்டாமல் காக்க வேண்டும். பெண்ணின் வருமானத்தை மறந்துவிட்டு மரத்தைக் காக்க முடியாது என்பதை அத்திட்டம் ஏற்றுக்கொண்டது. எமது சங்கங்களும் கடன் திட்டம் கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

விறகுக்கும் வழி உண்டு. பொச்சு, சிரட்டை, தென்னை மட்டை எமது ஊரில் இல்லாத பொருட்கள் அல்ல. நெல் விளையும் மாவட்டத்தில் உமிக்கும் குறைவில்லை; உமி அடுப்பை நாமே செய்துகொள்ளலாம். வேலியோரம் கிளிரிசிடியாக் கம்புகளை நட்டால் வெட்ட வெட்டத் தளிர்க்கும். விறகு வெட்டப் போகுமுன், அந்த இடம் ஒதுக்கப்பட்ட பகுதியா என்று கிராம சேவகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் வெட்டி வழக்கில் மாட்டிக்கொண்டால் நீதிமன்றத்துக்கு அலைவதும் நாம்தான்.

இதையெல்லாம் சொன்னபோது ராத்தா சிரித்தார். "கம்ப நீங்க கொண்டு வாங்க மகள், நான் நடுறன்" என்றார்.

அடுத்த கூட்டத்துக்குக் கிளிரிசிடியாக் கம்புகளோடுதான் போக வேண்டும்.