நடுரோட்டில் நின்ற மாப்பிள்ளைக் குதிரை! லத்தி போட நிறுத்தலாமா, விரட்டலாமா?

காடாம்புலியூர்:

புலி பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் ஒரு குதிரையால் போக்குவரத்தே நின்றுபோனது!

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே இருக்கிறது காடாம்புலியூர். முந்திரி, பலாவுக்குப் பேர்போன வட்டாரம். முகூர்த்த நாள் என்றால் மெயின் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் மேளம்தான். அன்றும் அப்படித்தான். மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் பேண்டு செட், பக்கவாட்டில் டியூப் லைட் தூக்கிய ஆட்கள், நடுவில் வெள்ளைக் குதிரை. குதிரைமேல் பட்டு வேட்டி, தலைப்பாகையுடன் மாப்பிள்ளை. பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர்.

பஸ் நிறுத்தம் தாண்டியதும் குதிரை டக்கென்று நின்றுவிட்டது.

பின்னால் வந்த தனியார் பஸ் ஆரன் அடித்தது. அதற்கும் பின்னால் லாரி, டிராக்டர், ஸ்கூட்டர். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடி வந்தார்.

"யோவ், இழுத்துக்கிட்டுப் போய்யா! லத்தி போடறதுக்கு இதுதான் இடமா?"

"ஒரு நிமிசம் இருங்க மாமா, வாயில்லா ஜீவன்" என்றார் குதிரைக்காரர். பிறகு மேலே பார்த்து, "மாப்ளே, உடம்பைக் கொஞ்சம் முன்னாடி சாச்சுக்குங்க" என்றார். மாப்பிள்ளை பயத்தில் சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். இந்த நேரம் பார்த்து லாரிக்காரர் பொறுமை இழந்து வலதுபுறமாக வண்டியை ஒடித்தார். டியூப் லைட் தூக்கிய பையனுக்கும் லாரிக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. பையன் துள்ளிக் குதித்துத் தப்பினான்.

ஊர்வலம் நகர்ந்த பிறகும் ரோட்டோர டீக்கடையில் இதே பேச்சுதான். "நிறுத்தியது தப்பு" என்று ஒரு கட்சி. "அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று இன்னொரு கட்சி. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பையன் மயிரிழையில் தப்பியதை நேரில் பார்த்த நமக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரித்தோம்.

லத்தி வேறு, நீர் வேறு

முதல் விஷயம், குதிரை நின்றது லத்தி போட அல்ல. மூத்திரம் பெய்ய! கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

குதிரை நடந்துகொண்டே லத்தி போடும். ஓடிக்கொண்டேயும் போடும். வாலைத் தூக்கும், காரியத்தை முடிக்கும், போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் ரயில் நிலைய வாசல்தோறும் ஜட்கா நின்ற நாட்களில், முன்பக்கம் உட்கார்ந்து போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வண்டி நிற்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம்தான் திரும்பிக்கொள்ள வேண்டும்!

நீர் விடுவது அப்படியல்ல. அதற்குக் குதிரை நின்றே ஆகவேண்டும். பின்கால்களை அகட்டி, உடம்பை நீட்டி, முதுகைத் தளர்த்தி நிற்கும். மேலே ஆள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு வேதனை. அதனால்தான் சவாரி தெரிந்தவர்கள் அங்கவடியில் காலை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, முன்பக்கம் சாய்வார்கள். குதிரைக்காரர் மாப்பிள்ளைக்குச் சொன்னதும் அதுதான். சிலர் மெல்லச் சீட்டியும் அடிப்பார்கள். பழகிய குதிரை அந்தச் சீட்டிச் சத்தம் கேட்டதும் நீர் விடும்.

ஆகவே நீருக்கு நிற்கிற குதிரையை அடித்து விரட்டுவது கொடுமை. இதில் இரண்டு பேச்சு கிடையாது. லத்தி விஷயத்தில்தான் தகராறு.

இரண்டு கட்சி

"நிறுத்தக்கூடாது" என்கிற கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குதிரை லேசுப்பட்ட பிராணி அல்ல. ஒருதரம் நின்றால் வேலை நிற்கிறது என்று கண்டுகொண்டால், அடுத்த தரம் லத்தி வராமலேயே நிற்கும். வாலைத் தூக்கிக் காட்டி ஏமாற்றும். இந்தப் பழக்கம் மைதானத்தில் இருந்தால் பரவாயில்லை. ரோட்டின் குறுக்கே போகும்போது, பின்னால் பஸ் வரும்போது, அது நின்றால் யார் கதி என்ன? அதனால் குட்டியிலேயே "நடந்துகொண்டே போடு" என்று பழக்க வேண்டும் என்கிறார்கள் இவர்கள். குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்று நம் கிழவிகள் சும்மாவா சொன்னார்கள்!

"நிறுத்தினால் என்ன" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. வயதான குதிரை, இளங்குதிரை, மலச்சிக்கல் உள்ள குதிரை, மலையேறும் குதிரை, பாரம் இழுக்கும் குதிரை இவற்றுக்கெல்லாம் நடையோடு போடுவது கஷ்டம். வயிற்றை எக்கி முதுகை வளைக்கிற நேரத்தில் குதிகாலால் உதைத்தால் அது மிரளும். அப்புறம் சவாரி என்றாலே அதற்கு வெறுப்பு வந்துவிடும்.

ஆண் குதிரையின் கதை தனி. வேறு குதிரை போட்ட லத்தியைக் கண்டால் மோந்து பார்க்கும். அதன் மேலேயே தானும் போடும். "இது என் ஏரியா" என்று போர்டு மாட்டுகிற மாதிரி! பத்துக் குதிரை நடமாடும் இடத்தில் ஆண் குதிரை அடிக்கடி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது வயிற்றுத் தேவை அல்ல, வீம்பு. இதற்கு நிறுத்த வேண்டியதில்லை.

நம் அபிப்பிராயம் கேட்டால், ஓட்டத்தைக் குறைத்து நடையாக்குவதோடு சரி. நிற்கவும் விடவேண்டாம், உதைக்கவும் வேண்டாம். நன்கு பழகிய குதிரைக்கு இதுவே போதும்.

லத்திதான் டாக்டர் சர்டிபிகேட்

ஒரு நாளைக்கு ஒரு குதிரை எட்டு முதல் பன்னிரண்டு தடவை லத்தி போடும். பெரிய ஜாதிக் குதிரை என்றால் 15 முதல் 20 கிலோ. தட்டுக் குதிரைக்குக் கொஞ்சம் குறையும். அதன் இரைப்பை உடம்பை நோக்கச் சின்னது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். மாடு மாதிரி அசைபோடாது. நம்மைப் போல வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாகவேண்டும்.

ஆகவே லத்தி நின்றால் ஆபத்து. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைப் பிறாண்டும், படுத்து உருளும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். லாயத்துக்குள் நுழையும் அனுபவசாலி முதலில் தீனித் தொட்டியைப் பார்க்கமாட்டார். தரையைப் பார்ப்பார். உருண்டை உருண்டையாக விழுந்து, விழுந்ததும் உடைந்தால் நலம். கல் மாதிரி காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. கழிச்சலாக இருந்தால் தீனி மாற்றம் அல்லது பயம். பட்டாசும் பேண்டும் கேட்ட கல்யாணக் குதிரைக்கு வயிறு கலங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மணலில் தீனியைக் கொட்டினால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். குடலில் தங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. லத்தியைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் மணல் படியும். கடற்கரையில் குதிரை வைத்துப் பிழைப்பவர்கள் செய்து பார்க்கலாம். செலவே இல்லை.

ரோட்டில் கிடப்பதை யார் அள்ளுவது?

குதிரைக்கு நிம்மதி. நமக்கு?

சென்னை மெரினாவில் சவாரிக் குதிரைகளும் உண்டு, ரோந்து போகும் போலீஸ் குதிரைகளும் உண்டு. போலீஸ் குதிரைக்கு மேலே ஒரு லத்தி, கீழே ஒரு லத்தி என்று கேலி செய்வார்கள்! கொடைக்கானல் ஏரியைச் சுற்றிலும் ஊட்டி படகு இல்லத்தருகிலும் சவாரிக் குதிரைகள் உண்டு. மழை பெய்தால் ரோட்டில் கிடப்பது எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

வடக்கே வைஷ்ணவி தேவி கோவில் மலைப்பாதையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் போடும் அசுத்தம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. புதிய பாதையில் நடப்பவர்களும் பேட்டரி வண்டிகளும் மட்டுமே போகலாம் என்று 2017 நவம்பரில் உத்தரவானது. பம்பாயின் அலங்காரக் குதிரை வண்டிகளை ஓராண்டுக்குள் நிறுத்தச் சொல்லி 2015-ல் ஐகோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குக் காரணம் குதிரைகள் பட்ட பாடு. வண்டிக்காரர்கள் பிழைப்பு போய்விட்டதே என்று கதறினார்கள்.

வெளிநாட்டில் வேறு வழி கண்டார்கள். வியன்னாவிலும், அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலும் சுற்றுலா வண்டிக் குதிரைகளின் வால் பக்கத்தில் பை கட்டுகிறார்கள். லத்தி ரோட்டில் விழாது. நிறுத்தலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை! நம் ஊரில் ஒரு கோணிப்பை கிடைக்காதா?

நூற்றிருபது, நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் லட்சத்துக்கும் மேல் குதிரைகள். ஒன்றுக்குப் பத்துக் கிலோ என்று வைத்தாலும் தினம் பத்து லட்சம் கிலோ லத்தி! அந்த நகரத்துக்கு மோட்டார் கார் சுத்தமான வாகனமாக வந்து சேர்ந்தது. இன்று புகைக்காக நாம் திட்டுகிறோமே, அதே கார்தான்.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. குதிரையின் குடலிலும் லத்தி விழுந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். காலில் வெட்டுக்காயத்தோடு அதை மிதித்தவர் அலட்சியமாக இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதே லத்தி குழியில் மக்கினால் முதல்தர எரு. மொட்டுக் காளான் வளர்ப்பவர்கள் இதைத் தேடி வாங்குவார்கள். செரிக்காத தானியம் கலந்திருப்பதால் ஜட்கா நாட்களில் சிட்டுக்குருவிக்கும் இதுதான் சாப்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

பாரம் சுமக்கும், வண்டி இழுக்கும் பிராணிகளுக்காக 1965-ல் மத்திய அரசு விதிகள் போட்டது. நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே வாங்கக்கூடாது. நெய்வேலிப் பக்கம் சித்திரை, வைகாசியில் 37 டிகிரி எந்த மூலைக்கு? முகூர்த்த நாட்களும் அப்போதுதான் குவிகின்றன.

கிளம்புவதற்கு முன் கால்மணி நேரம் குதிரையைப் புல்தரையில் நடத்தி, தண்ணீர் காட்டி, வயிற்றைக் காலி செய்யவிட்டால் நடுரோட்டில் நிற்பது பெருமளவு குறையும். காடாம்புலியூர் குதிரைக்காரரிடம் இதைக் கேட்டோம்.

"எனக்குத் தெரியாதா தம்பி? நாலு மணிக்கே வந்துட்டேன். போட்டோக்காரர் வரணும்னு ரெண்டு மணி நேரம் பந்தலுக்கு முன்னாடி தகரச் சாமான் மாதிரி நிக்க வச்சுட்டாங்க. அசையவிடலை. தார் ரோட்டுல நீர் தெறிக்கும்னு குதிரை அடக்கும். அடக்கி அடக்கி அங்க வந்து விட்டுது" என்றார்.

மண்டப வாசலில் கணக்குத் தீர்க்கும்போது மறுபடி தகராறு. ஊர்வலத்தை நிறுத்தி மானத்தை வாங்கியதற்காகப் பேசின கூலியில் ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார் தாய்மாமன். குதிரைக்காரர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு பணத்தை மடியில் முடிந்துகொண்டு, யூரியா சாக்கும் தகரத்துண்டுமாக வந்த வழியே நடந்து, ரோட்டில் கிடந்த லத்தியை வழித்து அள்ளினார். பஸ் நிறுத்தத்தருகே பலாத்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சாக்கு நிறைந்ததும் முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார்.