ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் பூட் ஆகலையா? திரையில் வரும் எண்ணைப் பாருங்க

மும்பை சீத்தா கேம்ப்பில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் என வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க் இல்லாத பத்து பழைய மெஷின், ஒரே சர்வர். காலையில் எதுவும் பூட் ஆகலை. வாசலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

மெஷின் சர்வரிடம் கேட்பது மூன்றே கேள்வி. எது தடைபட்டது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

என் ஐபி முகவரி என்ன? பிஎக்ஸ்இ-இ51 என்றால் பதில் வரலை. கேபிள், ஸ்விட்ச், டிஎச்சிபி சர்வரைப் பாருங்க.

எந்த ஃபைலில் பூட் ஆகணும்? இ53 என்றால் ஃபைல் பெயர் வரலை. டிஎச்சிபியில் ஆப்ஷன் 67-ஐப் பாருங்க. புதிதாக மாட்டிய வைஃபை ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கலாம்.

அந்த ஃபைல் கிடைக்குமா? இ32 என்றால் டிஎஃப்டிபி சர்வர் பேசலை. சேவை ஓடுதா, ஃபயர்வால் யுடிபி 69-ஐத் தடுக்குதா பாருங்க.

ஒரு மெஷின் மட்டும் படுத்தால் முதலில் கேபிள். பத்தும் படுத்தால் முதலில் சர்வர். பழைய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் இதைப் பார்த்துடுங்க.