பழைய ரயில் கேமும் புதியதும்: சேர்த்து ஓட்ட முடியுமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

காவேரிப்பட்டினத்தில் ரயில் நிலையம் இல்லை. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியிலும் இல்லை. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் தருமபுரிக்கோ ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கணினித் திரையில் ரயில் ஓட்டும் பிள்ளைகளின் ஆசையைச் சின்ன விஷயமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் அண்ணன் விட்டுப்போன பழைய கணினியில் ஒரு காலத்து கேம் இருக்கிறது. தம்பிக்குக் கல்லூரிக்காக வாங்கிய மடிக்கணினியில் வேறொரு காலத்து கேம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதைச் சுற்றி எழும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணன் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரில் நம் ஊர் எஞ்சின்கள் நிறைய இருக்கின்றன. விண்டோஸ் 11 மடிக்கணினியில் அவற்றை ஓட்ட வழி உண்டா?

உண்டு. ஆனால் அந்த கேம் இரண்டு பொருள்களால் ஆனது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ரயிலை ஓட வைக்கும் மென்பொருள். மற்றொன்று, எஞ்சின், பெட்டி, தண்டவாளம், மரம், ஒலி என்று வட்டில் குவிந்திருக்கும் கோப்புகள். மென்பொருள் 2001-ல் வந்தது. விண்டோஸ் 98 காலத்துக் கணினிக்காக எழுதப்பட்டது. அதற்கு வயதாகிவிட்டது. கோப்புகளுக்கு வயதாகவில்லை. டபிள்யூ.டி.எம்.-2, டபிள்யூ.ஏ.பி.-4 போன்ற எஞ்சின்களை இந்திய ரசிகர்கள் ராத்திரி கண்விழித்து வரைந்து இலவசமாகக் கொடுத்த உழைப்பு அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. அவற்றை அப்படியே படித்து ஓட்டக்கூடிய புது மென்பொருள் ‘ஓப்பன் ரெயில்ஸ்’. தன்னார்வலர்கள் எழுதியது, காசு கிடையாது, மூல நிரலை யாரும் பார்க்கலாம். அதன் 1.0 பதிப்பு 2015-ல் வந்தது. அதற்குப் பின்னும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே பழைய மென்பொருளைப் புதுக் கணினியில் ஓட வைக்கப் போராட வேண்டாம். கோப்புகளைக் காப்பாற்றுங்கள், ஓட்டும் மென்பொருளை மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப் போகிற எல்லாமே அதைச் சுற்றித்தான்.

மைக்ரோசாஃப்டே இரண்டாம் பதிப்பு கொண்டுவரவில்லையா?

இரண்டு முறை முயன்றது, இரண்டும் வெளிவரவில்லை. முதல் முயற்சி 2004-ல் நின்றது. 2007-ல் அறிவித்த இரண்டாவது முயற்சி, அதைச் செய்துகொண்டிருந்த ஏசஸ் ஸ்டுடியோவை 2009 ஜனவரியில் மூடியபோது முடிந்துபோனது. முதல் கேமை மைக்ரோசாஃப்டுக்காக உருவாக்கிய பிரிட்டிஷ் நிறுவனமான குஜு, 2007-ல் ‘ரெயில் சிமுலேட்டர்’ என்று தனியாக ஒன்றைச் செய்தது. அதன் வாரிசுதான் இன்று ஸ்டீம் இணையக் கடையில் கிடைக்கும் ‘ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக்’. பெயர் ஒத்திருந்தாலும் மைக்ரோசாஃப்ட் கோப்புகள் அதில் ஓடாது. கடையில் பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

சரி, ஓப்பன் ரெயில்ஸில் எப்படிச் சேர்ப்பது? பழையதின் மேலேயே புதியதை இன்ஸ்டால் செய்யலாமா?

கூடாது. சேர்க்கும் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள். இன்னொரு நகலை மடிக்கணினியின் டி டிரைவில் போடுங்கள். விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் சாதாரண மென்பொருள் எதையும் எழுதவிடாமல் விண்டோஸ் தடுக்கிறது. பழைய கேமின் கோப்புகளை அங்கே வைத்தால் மாற்றம் செய்ததாகத் தோன்றும், ஆனால் கேமுக்குப் போய்ச் சேராது.

அந்த ஃபோல்டருக்குள் குளோபல், ரூட்ஸ், சவுண்ட், ட்ரெயின்ஸ் என்ற நான்கு உட்ஃபோல்டர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஓப்பன் ரெயில்ஸை வேறு இடத்தில் இன்ஸ்டால் செய்து, அதன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ‘கன்டென்ட்’ பகுதியில் இந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோல்டர்களையும் காட்டலாம். இது பெரிய வசதி. அண்ணனின் பழைய தொகுப்பு ஒரு பெயரில், நீங்கள் புதிதாக இறக்கியது வேறொரு பெயரில் என்று தனித்தனியாக வைக்கலாம். ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியும் ஒன்றாக்கத்தான் வேண்டும் என்றால் ‘டிசெக்‌ஷன்’ கோப்பைக் கவனியுங்கள். எந்தத் தண்டவாளத் துண்டு எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு என்ற பட்டியல் அது. குளோபல் ஃபோல்டரில் இருக்கும். புதிய எண் கொண்ட பட்டியலுக்குள் பழைய பட்டியலும் அடக்கம். ஆகவே எண் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொகுப்பை நகலெடுக்கும்போது ‘ரீப்ளேஸ் செய்யலாமா’ என்று விண்டோஸ் கேட்டதும் யோசிக்காமல் ஆமாம் போட்டால், பழைய பட்டியல் புதியதை அழித்துவிடும். அதற்குப் பிறகு புதிய பாதை எதுவும் திறக்காது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒவ்வொரு பாதையின் ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் ஒரு சிறிய கோப்பு இருக்கலாம். அது அந்தப் பாதைக்கு மட்டுமே உரியது. இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லை. ஓட்டுநர் அறையும் காணோம்.

எஞ்சினில் பழுதில்லை. அந்தக் காலத்தில் இலவச எஞ்சின்களை வரைந்தவர்கள், அளவு சிறிதாக இருக்கட்டும் என்று, கேமுடனேயே வரும் அமெரிக்க டேஷ்-9, ஜி.பி.-38 போன்ற எஞ்சின்களின் ஓட்டுநர் அறையையும் ஒலியையும் கடன் வாங்கிக்கொண்டார்கள். யாரோ இடத்தை மிச்சப்படுத்த அந்த எஞ்சின்களை அழித்திருப்பார்கள். அவற்றைப் பழைய நகலிலிருந்து திரும்ப எடுத்து வையுங்கள்.

எந்தக் கோப்பு இல்லை என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஓப்பன் ரெயில்ஸ் ஒவ்வொரு முறை ஓடும்போதும் டெஸ்க்டாப்பில் ஒரு பதிவுக் கோப்பை எழுதி, காணாமல் போனவற்றின் பெயரை அதில் வரிசையாகச் சொல்கிறது. பழைய மென்பொருள் ஒரு அடைப்புக்குறி தவறியிருந்தாலே நின்றுவிடக்கூடும். புதியது பெரும்பாலும் எச்சரித்துவிட்டு மேலே போகும். அந்தப் பதிவைப் படிக்கப் பழகிய மாணவனுக்கு இந்த வேலையில் பாதி வந்துவிட்டது என்பேன்.

பழையதில் சரியாக ஓடிய அதே ரயில் புதியதில் மேடு ஏறத் திணறுகிறது, பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது. ஏன்?

புதிய மென்பொருள் இயற்பியலை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுகிறது. சக்கரம் வழுக்குவது, பிரேக் குழாயில் காற்றழுத்தம் பெட்டி பெட்டியாகக் குறைவது எல்லாம் அதில் உண்டு. பழைய எஞ்சின் கோப்பில் எழுதியிருக்கும் எண்கள் உண்மைக்கு நெருக்கமாக இருந்தால் ரயிலும் உண்மை போல ஓடும். கண்டபடி எழுதியிருந்தால் அது இப்போது வெளிப்படும். டபிள்யூ.டி.எம்.-2 என்றால் 2600 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 113 டன் என்று முதலில் சரிபாருங்கள்.

திருத்த வேண்டியிருந்தால் மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். எஞ்சினின் ஃபோல்டருக்குள் ‘ஓப்பன்ரெயில்ஸ்’ என்று ஓர் உட்ஃபோல்டர் உண்டாக்கி, அதே பெயரில் ஒரு சிறு கோப்பு எழுதுங்கள். ‘மூலக் கோப்பைச் சேர்த்துக்கொள்’ என்று பொருள்படும் ‘இன்க்ளூட்’ வரி முதலில், அதற்குக் கீழே மாற்ற வேண்டிய வரிகள் மட்டும். பழைய மென்பொருள் மூலத்தைப் படிக்கும், புதியது திருத்தியதைப் படிக்கும். ஒரே எஞ்சின் இரண்டிலும் ஓடும். பழையதையும் புதியதையும் சேர்ப்பதற்கு இதைவிட நாகரிகமான வழியை நான் பார்த்ததில்லை.

நிஜ ரயில்வேயிலும் இதே சிக்கல் வந்தது. வெற்றிட பிரேக்கிலிருந்து காற்று பிரேக்குக்கு மாறிய ஆண்டுகளில் இரண்டு வகைப் பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் இழுக்க இரட்டை பிரேக் எஞ்சின்கள் தேவைப்பட்டன. பழைய பெட்டிகளை ஒரே நாளில் கழித்துப்போடாமல், எஞ்சினை இரண்டுக்கும் பொருந்தச் செய்தார்கள். ஓப்பன் ரெயில்ஸ் செய்வதும் அதைத்தான்.

ஐ.சி.எஃப். பெட்டியையும் எல்.எச்.பி. பெட்டியையும் ஒரே ரயிலில் கோக்கலாமா?

கேம் தடுக்காது. ஆனாலும் செய்யாதீர்கள். 2000-க்குப் பிறகு ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளுக்கு டிஸ்க் பிரேக், நடு இணைப்பான். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளுக்குப் பெரும்பாலும் திருகு இணைப்பு, இரண்டு பக்கமும் பஃபர். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையில் பழைய வகையின் உற்பத்தியே 2018 ஜனவரியில் முடிந்தது. ரயிலின் கோர்வையை எழுதும்போது ஒவ்வொரு பெட்டியின் கோப்பிலும் பிரேக் வகை என்னவென்று திறந்து பாருங்கள். எஞ்சினில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றும் இருந்தால் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் ரயில் நிற்காது.

பழையதில் பாதியில் சேமித்த ஆட்டத்தைப் புதியதில் தொடர முடியுமா?

முடியாது. ஓப்பன் ரெயில்ஸின் ஒரு பதிப்பில் சேமித்தது அதன் அடுத்த பதிப்பிலேயே திறக்காமல் போகலாம். புதுப் பதிப்புக்கு மாறும் முன் கையில் இருக்கும் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். பழைய ஆக்டிவிட்டிகள், அதாவது குறித்த பணியோடு வரும் ஆட்டங்கள், பெரும்பாலும் ஓடும். எதிரே வரும் ரயில்களின் நேரம் மட்டும் சில இடங்களில் பிசகும்.

நான் ‘ட்ரெய்ன்ஸ்’ என்ற வேறொரு ரயில் கேம் விளையாடுகிறேன். 2006 பதிப்பில் செய்த பாதையைப் புதியதில் திறக்கலாமா?

திறக்கலாம், ஆனால் அது ஒருவழிப் பயணம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆரன் நிறுவனம் தொடங்கிய இந்த கேமில் மரம் முதல் எஞ்சின் வரை ஒவ்வொரு பொருளுக்கும் ‘குயிட்’ என்ற தனி எண் உண்டு. அந்த எண் இருப்பதால் பழைய பாதைக்கு எந்தெந்தப் பொருள் தேவை என்று புதிய பதிப்பு தானே கண்டுபிடிக்கும். ஆனால் புதியதில் ஒரு முறை சேமித்துவிட்டால் பழைய பதிப்பில் அதைத் திறக்க முடியாது. நகல் எடுத்த பிறகே திறக்க வேண்டும். பழைய பொருள்களில் முன்பு கண்டுகொள்ளாத பிழைகளைப் புதிய பதிப்பு சிவப்பில் காட்டும். பயப்பட வேண்டாம். பல பிழைகள் ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்துவிடும்.

பையன் ஆண்டுதோறும் புதுப் பதிப்பு கேட்கிறான். ஏற்கெனவே வாங்கியவற்றுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டுமா?

ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்றால் வேண்டாம். வாங்கிய பாதைகள் அதிலேயே தொடரும். பழைய 32-பிட் வடிவமும் 2018-ல் சேர்ந்த 64-பிட் வடிவமும் அருகருகே இருக்கின்றன. நினைவகம் போதாமல் கேம் நின்றுபோனால் 64-பிட்டைத் தேர்ந்தெடுங்கள்.

‘ட்ரெயின் சிம் வேர்ல்டு’ வேறு கேம், வேறு மென்பொருள். கிளாசிக்கில் வாங்கிய எதுவும் அதில் நுழையாது. அதன் வரிசைக்குள்ளேயே முந்தைய பதிப்புக்காக வாங்கிய பாதைகளில் பெரும்பாலானவை புதியதற்கும் வந்துசேர்கின்றன. எல்லாமும் வரும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். உங்களிடம் உள்ள பாதையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கையில் இருப்பது திருப்தியாக ஓடுகிறதென்றால், இந்த ஆண்டு வேண்டாம் என்று பையனிடம் தாராளமாகச் சொல்லலாம்.

நண்பரின் சிடியை நகலெடுக்கலாமா? இலவச எஞ்சின்களைப் பென்டிரைவில் போட்டு விற்கிறார்களே?

மைக்ரோசாஃப்ட் கேம் இப்போது விற்பனையில் இல்லை என்பதால் அது பொதுச் சொத்தாகிவிடவில்லை. சொந்த வட்டு இல்லாதவர்களுக்கு ஓப்பன் ரெயில்ஸுடன் ஓட்டிப் பார்க்க இலவசப் பாதைகள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குங்கள். இலவச எஞ்சின்களோடு வரும் ‘ரீட்மீ’ கோப்பைப் படியுங்கள். விற்கக் கூடாது, கேட்காமல் மாற்றி வெளியிடக் கூடாது என்று பலர் எழுதியிருப்பார்கள். ஊதியமில்லாமல் உழைத்தவர் கேட்பது அவ்வளவுதான். அதை மதிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பாதையை நாமே செய்ய முடியுமா? எந்தப் பதிப்பில் செய்தால் நிலைக்கும்?

முடியும். பலர் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதை 1905-ல் திறந்தது. மொரப்பூர்–தருமபுரி பாதை 1906-ல் வந்து, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலம், அதாவது 762 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-ல் இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். இந்தப் பாதைகளை ஓட்டிப் பார்க்கத் திரையைத் தவிர வேறு இடம் இன்று இல்லை.

இதற்கு டி.எஸ்.ஆர்.இ.-5 என்ற இலவசக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். அது பழைய மைக்ரோசாஃப்ட் வடிவத்திலேயே பாதையை எழுதுகிறது, ஓப்பன் ரெயில்ஸ் அதைப் படிக்கிறது. அமெரிக்க விண்கலம் 2000-ல் எடுத்த ரேடார் உயர அளவுகளை அதில் ஏற்றினால், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் மேடும் தென்பெண்ணைப் பள்ளத்தாக்கும் தானாக உருவாகும். பழைய கேமில் வழக்கமான பார்வைத் தூரம் 2 கிலோமீட்டர்தான். புதியதில் அதைவிடத் தூரம் வரை பார்க்கலாம். கேமுடன் வந்த தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் அகலம் என்பதால், முதலில் குறும்பாதைத் தண்டவாளத் தொகுப்பு ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாதையையும் ஒரேயடியாகத் தொட வேண்டாம். திருப்பத்தூரிலிருந்து முதல் 5 கிலோமீட்டரை மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, பதிவுக் கோப்பில் பிழை எதுவும் இல்லை என்றான பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். எந்தப் படத்தை, எந்த மாதிரியை யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் எழுதி வாருங்கள். நாளைக்கு வேறொரு பிள்ளை அதைப் புது மென்பொருளுக்கு மாற்றும்போது அந்தக் கோப்பு தேவைப்படும்.