மூடியிட்ட பள்ளத்தாக்கு

மலைக்காற்று தூயது என்பர். ஆனால் பிரான்சில், 4,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மோன் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்திலுள்ள ஆர்வ் பள்ளத்தாக்கில் குளிர்காலக் காற்று மாசு நிறைந்தது. ஏன்?

பகலில் தரையருகே சூடான காற்று இலேசாகி, புகையையும் சுமந்துகொண்டு மேலெழும். நீண்ட குளிர்கால இரவிலோ தரை விரைவில் குளிர்கிறது. சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்றும் கீழே வடிந்து தேங்குகிறது. அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் கவிகிறது. இதுவே வெப்பத் தலைகீழ் மாற்றம். தாழ்ந்து செல்லும் சூரியனால் சில நாட்களில் பகலிலும் இம்மூடியைக் கலைக்க இயலாது. கணப்பு விறகு, வாகனங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் புகை உள்ளேயே தங்கும். நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

கோடையில் மூடி எளிதில் கலையும். எனினும் அதே வெயில் வாகனப் புகையிலிருந்து ஓசோனை உண்டாக்கும்.

பழைய விறகுக் கணப்புகளை மாற்ற 2013 முதல் அங்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. மலையை நகர்த்த முடியாது. புகையைக் குறைக்கலாம் அல்லவா?