பாதி விலங்கு, பாதி தாவரம்: மன்னார் வளைகுடாவின் ஓர் ஆண்டு

மண்டபம் முகாமில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1959ஆம் ஆண்டு ஒரு ஜோடி கடற்பசுக்கள் வந்து சேர்ந்தன. அடைத்து வைத்த நீரில் பத்தாண்டுகளுக்கு மேல் அவை உயிரோடு இருந்தன. கடற்பசுவை வளர்த்துப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க மிகச் சிலரே என்பதால், கடல் விலங்கியல் நூல்களில் மண்டபத்தின் பெயர் இன்றும் வருகிறது. ஜப்பானின் தோபா நகரக் காட்சியகம் போல ஓரிரு இடங்களைத் தவிர, கடற்பசு உயிரியல் பூங்காக்களில் பார்க்கக் கிடைக்காத விலங்கு. காரணம் அதன் சாப்பாடு. சிங்கத்துக்கு இறைச்சி வாங்கிவிடலாம். யானைக்குத் தழை வெட்டிப் போடலாம். வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும். அதை வளர்க்க நினைப்பவர் கடலுக்கடியில் ஒரு புல்வெளியையும் சேர்த்து வளர்க்க வேண்டியிருக்கும்.

அந்தப் புல்வெளி பெரியபட்டினத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

ராமநாதபுரத்துக்குத் தென்கிழக்கே, கீழக்கரைக்குக் கிழக்கே இருக்கும் பெரியபட்டினம், சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழைய துறைமுக ஊர். கரைக்கு எதிரே முல்லி, வாலை, தலையாரித் தீவுகள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இப்படி 21 தீவுகள் இருந்தன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததும் கடல் அரிப்பும் சேர்ந்து பூவரசன்பட்டியையும் விலாங்குசல்லியையும் நீருக்குள் அமிழ்த்திவிட்டன. 1986இல் தமிழக அரசு இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இங்கே பதிவான தாவர, விலங்கு இனங்கள் 4,000க்கும் மேல்.

ஊர்ப்புறத்தில் விலங்குப் பூங்கா ஓரிடத்திலும் தாவரப் பூங்கா வேறோரிடத்திலும் இருக்கும். இந்தக் கடலில் அப்படிப் பிரிக்க வழியில்லை. பல உயிர்களில் விலங்கின் உடம்புக்குள்ளேயே தாவரம் குடியிருக்கிறது. இங்கே ஓராண்டில் நடக்கும் நல்லது கெட்டது பலவற்றையும் இந்தக் கூட்டுக் குடித்தனத்தைக் கொண்டு விளக்கிவிட முடியும்.

வாடைக் காற்றில் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும்போது பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாவான தென்கடல் அடங்கும். நாட்டுப்படகுக்காரர்கள் பலர் தொழிலைத் தெற்குப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். அதே பருவத்தில் தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் இறங்குகின்றன. பெரிய பூநாரை, சிறிய பூநாரை இரண்டுமே வருகின்றன. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி, நுண்பாசிகளையும் சின்னஞ்சிறு இறால் வகைகளையும் அவை தின்கின்றன. மத்திய ஆசியா வழியாக இந்தியப் பெருங்கடல் வரை நீளும் பறவைகளின் வான்வழியில் தனுஷ்கோடி ஒரு முக்கியமான தங்கல். தமிழக அரசு 2025 ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, இங்கே 524.7 ஹெக்டேரைப் பெரிய பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்து, ரயில் போய், மனிதர்கள் விட்டுச் சென்ற மண்முனை இப்போது சட்டப்படி பறவைகளின் இடம்.

பூநாரையின் இளஞ்சிவப்பு அதன் சொந்த நிறம் அன்று. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் பிறக்கிறது. பாசிகள் உண்டாக்கும் கரோட்டினாய்டு நிறமி, நேராகவோ பாசியைத் தின்ற இறால் வழியாகவோ, வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து இறகில் ஏறுகிறது. உயிரியல் பூங்காக்களில் இந்த நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்காவிட்டால் பறவை வெளுத்துப்போகும். தனுஷ்கோடியில் அந்தச் செலவு கிடையாது.

மாசி, பங்குனியில் கடல் கண்ணாடிபோல் தெளியும். ஜனவரியிலிருந்தே தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடத் தொடங்கிவிடும். குழி ஒன்றுக்கு நூறை ஒட்டிய முட்டைகள். நாயும் நரியும் தோண்டிவிடாமல் வனத்துறை ஊழியர்கள் அவற்றைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள் கூடும். பங்குனி ஆமை நண்டும் சொறியும் தின்பது. அதன் உறவான பேராமை மட்டும் வளர்ந்த பிறகு கடற்பசுவோடு பங்கு போட்டுக்கொண்டு புல் மேய்கிறது.

மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நடப்பதைக் கரையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கிப் பதிவு செய்திருக்கிறார்கள். கிளைப்பவளங்களான அக்ரோபோரா இனங்கள் முட்டையும் விந்தும் சேர்ந்த சிறு உருண்டைகளை ஒரே நேரத்தில் நீரில் விடுகின்றன. அவை மேலே மிதந்து வந்து, உடைந்து, வேறு பவளத்தின் உருண்டைகளோடு கலக்கின்றன. கருவான இளவுயிர் சில நாள் மிதந்துவிட்டுத் தரையில் ஒட்டி, புதிய பவளக் கூட்டத்தைத் தொடங்கும்.

பவளம் கல்லைப்போல் தெரிந்தாலும் அது விலங்கு. கடுகளவிலிருந்து பட்டாணியளவு வரையிலான பாலிப்புகள் ஆயிரக்கணக்கில் கூடி, சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்கின்றன. அந்தப் பாலிப்பின் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் இருக்கின்றன. பாசி வெயிலில் மாவுப்பொருள் தயாரித்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை இந்த வழியில் கிடைக்கிறது. பதிலுக்குப் பாலிப்பு தங்க இடமும், தன் கழிவிலுள்ள நைட்ரஜனும் தருகிறது. சத்துக் குறைந்த தெளிந்த நீரில் இவ்வளவு பெரிய பாறைத்தொடர்கள் எழுந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

சித்திரையில் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று நின்று, நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் நிலைத்தால், பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. உணவுக்குப் பதிலாக, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை அது வெளியிடத் தொடங்குகிறது. பாலிப்பு பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் கொடுத்ததும் பாசிதான் என்பதால், ஒளி ஊடுருவும் திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் பட்டினிதான்.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் பெரிய வெளுப்பு நேர்ந்தது. கடைசியாகச் சொன்னதில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாகச் சர்வதேச அமைப்புகள் அறிவித்தன.

ஆனி பிறக்கும்போது கச்சான் காற்று வலுக்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று தென்கடலைக் கலக்கிக் குளிரவைக்கும். வலை வீச இறங்குவோருக்கு அது தொல்லை. வெந்துகொண்டிருக்கும் பவளத்துக்கு அதுதான் மருந்து. கச்சான் எப்போது எழுகிறது என்பதைப் பொறுத்து அந்த ஆண்டு எவ்வளவு பவளம் தப்பும் என்பதும் மாறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், வெப்பம் உச்சத்தில் இருக்கும் அந்த வாரங்களில் இழுவை மடிகளின் தொந்தரவாவது இல்லாமல் இருக்கிறது.

விலங்குக்குள் தாவரம் இருப்பது எப்போதும் நன்மையில் முடிவதில்லை. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அறிவியலில் இதன் பெயர் நாக்டிலூகா. ஒற்றைச் செல் உயிரியான இது மற்ற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். கூடவே தன் உடம்புக்குள் பச்சைப்பாசிகளைக் குடிவைத்து அவற்றின் உணவையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு வழியிலும் சாப்பாடு கிடைப்பதால் சாதகமான நாட்களில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். பெருகியவை ஒன்றாகச் செத்து மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நீந்தித் தப்ப முடியாத பவளங்களும் அன்று மூச்சுமுட்டி மடிந்தன. 2008 அக்டோபரிலும் இதே பகுதியில் பூங்கோரை வந்து போயிருக்கிறது.

இந்தக் கடலைப் படிக்க வந்தவர்களின் வரலாறு பழையது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். பின்னால் அந்தப் பொறுப்புக்கு வந்த கிரேவ்லி, பாம்பனுக்கு எதிரேயுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைத் தொகுத்து 1927இல் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்பிகளுக்கும் இடையிலான உறவைக் காட்டும் பலனோகிளாசஸ் புழு குருசடை மணலில் கிடைத்ததால், விலங்கியல் மாணவர்களுக்கு அந்தத் தீவு பாடப்புத்தகத்தோடு சேர்ந்தே மனப்பாடமானது.

கடற்பசுவுக்கு வருவோம். கரையோரத்தில் ஆவுளியா என்றும் சொல்லப்படும் இது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பெண் கடற்பசு ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. வலையில் சிக்கி ஒன்றிரண்டு செத்தாலும் ஈடுகட்டப் பல ஆண்டு பிடிக்கும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையை அறுத்துக் கடற்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் வழங்கி வருகிறது.

மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல் பாசி வகை அன்று. வேர், தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள பூக்கும் தாவரம். கடலுக்குள்ளேயே மகரந்தம் பரப்புகிறது. கடற்பசு இலையோடு நிற்காமல் கிழங்குத் தண்டையும் சேர்த்துக் கிளறித் தின்பதால், தரையில் நீண்ட மேய்ச்சல் தடங்கள் விழுகின்றன. மேய்ந்த இடம் அழிந்துபோகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, கடற்பசு, பேராமை ஆகியவற்றின் சாணத்தில் வெளிவரும் கடற்புல் விதைகள் முளைக்கின்றன என்று காட்டியது. மேய்ந்த விலங்கே பல கிலோமீட்டர் தள்ளி விதைத்துவிட்டும் போகிறது. ஆட்கள் நடும் வேலையும் உண்டு. பவளத் துண்டுகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டி வளர்க்கும் பணியைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2002 முதல் செய்து வருகிறார்கள். கடற்புல் மறுநடவும் நடக்கிறது.

வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே பாடம் இருக்கிறது. கேராஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக 1990களில் மண்டபத்துக்கு வந்த காப்பாபைகஸ் பாசி, மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டு ஏராளமான குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. 2008இல் குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள்மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மூடினால் வெயில் போகாது. வெயில் போகாவிட்டால் உள்ளிருக்கும் பாசிக்கு வேலை இல்லை. இந்தப் பாசியை இங்கே வளர்க்கலாமா என்ற விவாதம் ஓயவில்லை. இதற்கிடையே 2023இல் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இயற்கையாக விளையும் பாசிக்கு வேறு கணக்கு. பாம்பன் தீவின் சின்னப்பாலம் போன்ற ஊர்களிலும் பக்கத்துக் கரையோர ஊர்களிலும் பெண்கள் பல தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வருகிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி இறங்கும் வேலை. தேசியப் பூங்கா எல்லை வந்த பிறகு வனத்துறையோடு உரசல்கள் நீண்டன. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களின் பிரதிநிதியாக நின்று, 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு வழங்கும் விருதைப் பெற்றார். பாசியைச் சுரண்டும் உலோகக் கருவிகளை விட்டுவிட்டு, அடிப்பகுதி பாறையிலேயே தங்கும்படி கையால் பறிப்பது, மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது, மீன்பிடித் தடைக் காலத்தில் பாசியையும் தொடாமல் விடுவது என்று பெண்களே விதி வகுத்துக்கொண்டார்கள். தடை முடிந்து ஜூன் நடுவில் அவர்கள் மறுபடி இறங்கும்போது, வெயிலில் வெளுத்த பவளங்களில் எவை நிறம் திரும்பியிருக்கின்றன என்பதையும் பக்கத்தில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.