நூறு வாட் எதற்கு?

வேலப்பன்சாவடியில் ஒரு சுட்டிப் பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அருமையான கேள்வி! கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் இப்படித் துருவித் துருவிக் கேட்கிற ஆள்தானே?

அவன் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பாட்டு என்றால் உயிர். கூடத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார். 25 கிலோ அரிசிச் சிப்பம் மாதிரி கனம். பின்பக்கம் ‘100 வாட்’ என்று போட்டிருக்கிறது.

“ஆனால் மாமா, ஆடி மாதம் கோயில் மைக் செட் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. தாத்தா பாட்டுப் போட்டால் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது. மெதுவாகத்தான் வைக்கிறார். அப்புறம் எதற்கு 100 வாட்?”

சபாஷ்! இதற்குப் பதில் கண்டுபிடிக்க, முதலில் மொட்டை மாடிக்குப் போவோம்.

பட்டம் விட்டிருக்கிறாயா? விரலால் நூலை ஒரு சுண்டு சுண்டுகிறாய். மேலே பட்டம் பெரிதாக ஒரு குட்டிக்கரணம் போடுகிறது. அந்த வலு உன் விரலிலிருந்தா வந்தது? இல்லை. அது காற்றின் வலு. உன் விரல் “இப்படித் திரும்பு” என்று கட்டளை மட்டும் கொடுத்தது.

ஆம்ப்ளிஃபயரும் இப்படித்தான். செல்போனிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வரும் மின்சாரம் உன் விரல் மாதிரி. ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும். அதனால் பெரிய ஸ்பீக்கரை அசைக்க முடியாது. வலு வேறு இடத்திலிருந்து வருகிறது. எங்கிருந்து, சொல் பார்க்கலாம்?

சரியாகச் சொன்னாய், சுவரில் உள்ள பிளக்கிலிருந்து. அங்கே 230 வோல்ட் காத்திருக்கிறது. குட்டி மின்சாரம் கட்டளை இட, பெரிய மின்சாரம் அதே வடிவத்தில் ஆடுகிறது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வலுவையும் காட்டும்போது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 28 வோல்ட் போகும். ஒன்று 28 ஆகலாம். ஆனால் வடிவம் மாறக் கூடாது. அதுதான் ஆம்ப்ளிஃபயரின் தர்மம்.

புரிந்ததா? சரி, இப்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மனத்தால்தான் பார்க்க வேண்டும். கையால் திறக்கக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சென்னையில் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு. அங்கே போய் “ஆம்ப்ளி அசெம்பிள் பண்ணணும்” என்று சொன்னால், மூன்று சாமான்களை முக்கியமாகக் கேட்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர், டிரான்சிஸ்டர்.

உன் வீட்டுத் தண்ணீர் ஏற்பாட்டை நினைத்துக்கொள். டிரான்ஸ்ஃபார்மர்தான் மோட்டார். 230 வோல்ட்டை நமக்குத் தேவையான அளவுக்கு இறக்கித் தருகிறது. கண்டென்சர்தான் மாடித் தொட்டி. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. டிரான்சிஸ்டர்தான் குழாய். குட்டி மின்சாரம் அதைத் திறந்து மூடுகிறது.

குழாய்க்கு ஒரு கதை உண்டு. 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் இந்தக் குழாய் வேலையைச் செய்யும் ஒரு கண்ணாடிக் குமிழை உருவாக்கினார். அதை நம் ஊரில் ‘வால்வு’ என்றே சொன்னார்கள். கொள்ளுத் தாத்தா காலத்து ரேடியோவைப் போட்டால், வால்வு சூடாகிற வரைக்கும் அது வாயைத் திறக்காது! 1947-ல் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகிய மூன்று பேர் இருந்த குழுவிலிருந்து டிரான்சிஸ்டர் பிறந்தது. 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு. டிரான்சிஸ்டர் வந்த பிறகும், வால்வின் இனிமைக்காகவே வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறோம். நாம் பேசுவது 60 டெசிபல் சுமாருக்கு இருக்கும். வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடு. ஒரு மீட்டர் தள்ளி நின்றால், பலவற்றில் 87 டெசிபல் கேட்கும். ஒரே ஒரு வாட்டுக்கு! தாத்தா மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போது ஒரு வாட்கூட முழுதாகச் செலவாகாது.

அப்படியானால் 2 வாட் கொடுத்தால் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்குமா? கேட்காது. நம் காது அப்படிக் கணக்குப் போடாது. இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற, சுமார் 10 மடங்கு வாட் வேண்டும். 1 வாட், 10 வாட், 100 வாட் என்று ஏறினால், காதுக்கு 1, 2, 4 என்றுதான் தோன்றும். இதை விரல் விட்டு ஒரு முறை சொல்லிப் பார். பெரியவர்களே தடுமாறும் கணக்கு இது.

அடுத்து பள்ளிக்கூட மணியைக் கவனி. ‘டங்’ என்று அடித்த அந்த நொடியில் காதைத் துளைக்கிறது. பிறகு ‘ங்ங்ங்’ என்று தேய்ந்துபோகிறது. பாட்டும் அப்படித்தான். வீணை மெல்ல நடந்துகொண்டிருக்கும். திடீரென்று மிருதங்கத்தில் ஓர் அடி! அந்த ஒரு கண நேரம் மட்டும் 20 டெசிபல் மேலே துள்ளலாம். 20 டெசிபல் என்றால் எத்தனை மடங்கு வாட் தெரியுமா? 100 மடங்கு!

பார்த்தாயா? சராசரியாக 1 வாட் போதும். ஆனால் அந்த அடி விழும் கணத்தில் 100 வாட் தேவைப்படும். தாத்தாவின் பெரிய பெட்டி காத்திருப்பது அந்தக் கணத்துக்காகத்தான்.

அந்த நேரத்தில் கையில் வலு இல்லை என்றால்? ஒரு மாங்கதுப்பை நினைத்துக்கொள். அழகான வளைவு. அதன் உச்சியைக் கத்தியால் சீவிவிட்டால் தட்டையாகிவிடும் அல்லவா? வலு போதாத ஆம்ப்ளிஃபயர் ஒலி அலையின் தலையை இப்படித்தான் சீவிவிடுகிறது. இதை ‘கிளிப்பிங்’ என்பார்கள். மிருதங்கம் தகர டப்பாவாகிவிடும். “சத்தம் உடையுது” என்று மைக் செட் அண்ணன்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மிருதங்கத்தைத் தகரமாக்குவது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா? திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. ராமன், 1920-லேயே மிருதங்கம் போன்ற நம் தாள வாத்தியங்களைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சாதாரண முரசின் துணை ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். மிருதங்கத்திலோ அவை தந்தி வாத்தியம் போலச் சுருதியோடு சேர்கின்றன. அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் செய்யும் மாயம் அது! அந்த நுட்பம் உன் காதுக்கு வந்து சேர வேண்டும் என்றால், ஆம்ப்ளிஃபயர் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பிசகாமல் நகல் எடுக்க ஒரு வழியை ஹரால்ட் பிளாக் என்ற 29 வயது அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்தார். 1927 ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலை, படகில் வேலைக்குப் போகும்போது அந்த யோசனை மின்னியது. கையில் இருந்த செய்தித்தாளிலேயே எழுதிவிட்டார்! யோசனை இதுதான். வெளியே போகும் மின்சாரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிழையைத் திருத்துவது. நீ காப்பி எழுதும்போது மேல் வரியைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறாயே, அதேதான்.

பெட்டி ஏன் கனம் என்று இப்போது நீயே சொல்லிவிடுவாய். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இரும்பும் தாமிரக் கம்பியும் நிறைய இருக்கின்றன. டிரான்சிஸ்டரின் சூட்டை ஆற்ற, சீப்புப் பற்கள் போன்ற அலுமினிய ஹீட் சிங்க் வேறு. ‘கிளாஸ் ஏ’ என்ற வகை, பாட்டு இல்லாதபோதும் சூடாகவே இருக்கும். சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சினை அணைக்காத ஆட்டோ மாதிரி. ‘கிளாஸ் டி’ வகை நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி வேலை செய்யும். அதிகம் சூடாகாது, பெட்டியும் சிறிது.

அப்படியானால் கோயில் மைக் செட் மட்டமா? அப்படிச் சொல்லாதே. அதன் வேலை வேறு. ஒரு குரலைத் தெருவெல்லாம் கொண்டுபோவது அதன் பொறுப்பு. கூம்புக் குழாய் ஸ்பீக்கர் அதற்கு ஏற்றது. தவிலின் தாழ்ந்த, கனமான ஒலி அதில் அவ்வளவாக வராது. வீட்டு ஆம்ப்ளிஃபயர், நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை காது கேட்கும் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்காதே என்று சொன்னேனே, ஏன் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் தொட்டியில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் ஆபத்து. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் பெரியவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்.

இன்னொன்றையும் மறக்காதே. உன் காதுக்குள் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 இருக்கின்றன. பெரும் சத்தத்தில் அவை செத்தால் மறுபடி முளைக்காது. ஆம்ப்ளிஃபயர் பழுதானால் ரிச்சி தெருவில் சாமான் கிடைக்கும். காதுக்கு எந்தத் தெருவிலும் கிடைக்காது.

இன்று இரவு உனக்குப் பிடித்த ஒரு பாட்டை மெதுவான சத்தத்தில் வைத்துக் கண்ணை மூடிக் கேள். இதுவரை கவனிக்காத ஒரு வாத்தியமாவது அதில் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்து எனக்கு எழுது, கண்ணு!